வெளிநாட்டில் எம்பிபிஎஸ்: பணத்தைப் பற்றிச் சென்னைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். ரிடையர் ஆன பிறகும் நீட் ரிசல்ட் வந்த வாரம் போன் ஓய்வதில்லை. "சார், பையன் பாஸ் பண்ணிட்டான், ஆனா இங்க சீட் வராது. ஜார்ஜியா போகலாமா, ரஷ்யா போகலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். என் தங்கை மகளையும் அப்படித்தான் அனுப்பிப் படிக்க வைத்தோம். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மொத்தமாக எவ்வளவு ஆகும், சார்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஏஜென்ட் கொடுத்த பளபளப்பான தாளில் "6 வருஷத்துக்கு 22 லட்சம்" என்று போட்டிருக்கும். அந்தத் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் நீங்களே எழுதுங்கள்: ஹாஸ்டல், சாப்பாடு, இன்ஷூரன்ஸ், வருஷா வருஷம் விசா புதுப்பிப்பு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊருக்கு வந்துபோக டிக்கெட், குளிர்கால உடுப்பு, லேப்டாப். இது போதாது. திரும்பி வந்தபின், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே தேற வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வுக்குக் கோச்சிங், அந்தத் தேர்வு தேறும் வரை வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாதங்கள், அதற்குப் பிறகு இங்கே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்.

நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். கல்லூரிப் படிப்புக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடாதீர்கள். பிள்ளை கையில் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் வருகிற நாள் வரைக்கும் போடுங்கள். அந்தக் கணக்கில் வருஷம் 6 அல்ல, 8. தொகையும் தாளில் போட்டதைவிட ஏறத்தாழ பாதி மடங்கு கூடிவிடும்.

8 வருஷம் எப்படி வருகிறது?

2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம். அதே கல்லூரியில், அதே நாட்டில் 12 மாத இன்டர்ன்ஷிப். ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி பெற்றிருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். இதற்குமேல் இந்தியாவில் இன்னொரு 12 மாதம்.

நடுவில் எஃப்எம்ஜிஇ. 300-க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. எழுதுகிறவர்களில் தேறுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. முதல் முறையே தேறிவிட்டால் நல்லது. ஆனால் கணக்கில் இரண்டு முறைக்காவது இடம் விடுங்கள்; அங்கே 6 வருஷம், தேர்வுக்கு 1, இங்கே இன்டர்ன்ஷிப் 1, ஆக 8. ஒவ்வொரு தவறலும் ஆறு மாதச் சாப்பாடும் கோச்சிங் கட்டணமும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகவும் நீட் தகுதி மதிப்பெண் கட்டாயம். அது மூன்று வருஷம் செல்லும். "நீட் இல்லாமலே சேர்த்துவிடுகிறோம்" என்று எவராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அங்கே படிப்பு முடியும்; இங்கே தேர்வு எழுத முடியாது.

அதற்குச் சென்னையிலேயே நிகர்நிலைப் பல்கலையில் சேர்த்துவிடலாமே?

பணம் இருந்தால் தாராளமாக. கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் போகிறது. அப்படிக் கட்ட முடிகிறவர்கள் எனக்கு போன் செய்வதில்லை.

வங்கிக் கடன் எவ்வளவு கிடைக்கும்?

பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை ஜாமீன் ஒன்றும் வேண்டாம். 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, சொத்து கேட்கக்கூடாது. அதற்குமேல் போனால் சொத்து அடமானம். வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கி 85 சதவீதம்தான் கொடுக்கும், மீதி 15 சதவீதம் உங்கள் கையிலிருந்து. இதை நாங்கள் "மார்ஜின்" என்போம். முதல் தவணைக்கான மார்ஜினை நகைக்கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். எடுத்தவுடன் ஒன்றுக்கு இரண்டு கடனாக ஆரம்பிக்கிறோம் என்பது அப்போது உறைப்பதில்லை.

அப்பாவின் மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். பாரிமுனையில் கடை வைத்திருப்பவர், மாசம் நல்ல வியாபாரம், ஆனால் ரிட்டர்னில் இரண்டரை லட்சம் காட்டியிருப்பார். வங்கி அந்த இரண்டரையைத்தான் பார்க்கும். பிள்ளை பத்தாம் வகுப்பு வரும்போதே கணக்கை ஒழுங்காகக் காட்ட ஆரம்பித்தவர்கள் பிழைத்தார்கள்.

சொத்து இல்லாமல் தருகிறோம் என்று வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் வரும். தருவார்கள். வட்டி கூடுதல். சிலவற்றில் படிக்கும்போதே மாதாமாதம் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டை அடமானம் வைக்க என்னென்ன பத்திரம் வேண்டும்?

கடன்கள் அதிகமாகச் சிக்கியது இங்கேதான்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். மஞ்சள் பையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் அவர் அப்பா வாங்கிய கிரயப் பத்திரம். மடிப்பில் மடிப்பில் கிழிந்து, பின்னால் செல்லோ டேப் ஒட்டி, டேப்பும் பழுப்பாகியிருந்தது. வீடு அவர் பெயரில்தான் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். பத்திரம் இறந்துபோன அப்பா பெயரில். மூன்று அக்காமார், ஒருவர் வேலூரில், ஒருவர் பெங்களூரில், மூன்றாமவரோடு பேச்சுவார்த்தை இல்லை. வாரிசுச் சான்று தாசில்தார் ஆபீசில் வாங்க வேண்டும், அக்காமார் மூவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதன்பின் பட்டா மாற்றம். அவர் வந்தது ஆகஸ்டில். கல்லூரிச் சேர்க்கைக்கு இருந்தது ஐந்து வாரம். பேச்சில்லாத அக்காதான் முதலில் வந்து கையெழுத்துப் போட்டார் என்பது வேறு கதை. ஆனாலும் அந்த வருஷம் கடன் கிடைக்கவில்லை, அடுத்த வருஷம்தான்.

பட்டியலாகச் சொன்னால்: மூலப்பத்திரம், உங்கள் பெயருக்கு வந்த பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், நடப்பு ஆண்டு சொத்து வரி ரசீது. வங்கியின் வக்கீல் சட்டக் கருத்து எழுதுவார், வேல்யூவர் மதிப்புப் போடுவார். இரண்டு பேருக்கும் ஃபீஸ் உங்களுடையது. கடைசியில் பத்திரத்தை ஒப்படைத்ததற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பதிவு, அதற்கும் முத்திரைத் தீர்வை.

வீட்டு வசதி வாரிய வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள். ஒதுக்கீட்டு உத்தரவு மட்டும் வைத்துக்கொண்டு, விற்பனைப் பத்திரம் வாங்காமலே பலர் காலத்தை ஓட்டியிருப்பார்கள். ஒதுக்கீட்டு உத்தரவை வைத்து அடமானம் எழுத முடியாது. பிள்ளை பிளஸ் ஒன் போகும்போதே வாரியத்தில் பாக்கி இருந்தால் கட்டி பத்திரம் பதிந்துகொள்ளுங்கள்.

படிக்கும்போது கடனைக் கட்ட வேண்டாம் என்கிறார்களே. அப்புறம் என்ன கவலை?

கட்ட வேண்டாம், ஆனால் வட்டி தூங்காது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வருஷத்துக்கு 4 லட்சம் வீதம் ஐந்து தவணை, மொத்தம் 20 லட்சம் எடுக்கிறீர்கள். வட்டி 10 சதவீதம், தனிவட்டி. படிப்பு 6 வருஷம், அதற்குமேல் 1 வருஷம் அவகாசம். முதல் தவணைக்கு 7 வருஷ வட்டி, அடுத்ததற்கு 6, பிறகு 5, 4, 3. கூட்டினால் 10 லட்சம். அதாவது நீங்கள் திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும் நாளில் கடன் 20 அல்ல, 30 லட்சம். அதைப் பத்து வருஷத்தில் முடிக்க மாதம் ஏறக்குறைய 39,600 ரூபாய். பதினைந்து வருஷம் என்றால் 32,200.

இதையே படிக்கும்போது வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால்? முதல் வருஷம் மாதம் 3,300 ரூபாய் சொச்சம். ஐந்தாவது வருஷம் 16,700 ஆகும். கஷ்டம்தான். ஆனால் கடைசியில் நிற்பது 20 லட்சம் மட்டும்; பத்து வருஷத்துக்கு மாதம் 26,400. படிக்கும் காலத்தில் வட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வரை குறைக்கிற வழக்கமும் உண்டு; கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

திருப்பிக் கட்டும் தவணை எப்போது ஆரம்பிக்கும்?

இதை யாரும் கேட்பதில்லை. நானே கேட்டுப் பதிலும் சொல்கிறேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆனதும் தவணை ஆரம்பிக்கும். படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் உங்கள் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பார்? எஃப்எம்ஜிஇ எழுதி, ரிசல்ட் வந்து, அரும்பாக்கத்தில் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் விண்ணப்பம் போட்டு, இன்டர்ன்ஷிப்புக்கு இடம் கிடைத்து, அதில் பாதியில் இருப்பார். முழுச் சம்பளம் வாங்கும் டாக்டராக இருக்கமாட்டார். ஒரு முறை தேர்வு தவறியிருந்தால் இன்டர்ன்ஷிப்பே ஆரம்பித்திருக்காது.

ஆக, முதல் ஒன்று அல்லது ஒன்றரை வருஷத் தவணையை அப்பாதான் கட்ட வேண்டும். அப்பா அந்த நேரத்தில் ரிடையர் ஆகிறாரா என்று பாருங்கள். 18 வயதுப் பிள்ளையின் அப்பாவுக்கு 52 என்றால், தவணை ஆரம்பிக்கும்போது அவருக்கு 59. என் மேசைக்கு முன்னால் எத்தனையோ பேர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அமைதியானதைப் பார்த்திருக்கிறேன். கடன் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 20 லட்சம் கடன் எடுக்கும்போதே, ஒன்றரை வருஷத் தவணைக்கு ஐந்தாறு லட்சத்தைத் தனியாக ஒரு ஆர்டியில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பில்) சேர்க்க ஆரம்பியுங்கள். அதற்கு 7 வருஷம் இருக்கிறது.

ஸ்காலர்ஷிப் கிடைக்காதா?

வெளிநாட்டு எம்பிபிஎஸ்-க்கு ஏறத்தாழ இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். 2024-இல் வந்த பிஎம் வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் திட்டம் இந்தியாவில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். ஏழைக் குடும்பங்களுக்கான வட்டி மானியமும் உள்நாட்டுப் படிப்புக்கே. தமிழக அரசுக் கழகங்களான தாட்கோ (பட்டியல் சாதியினருக்கு), டாம்கோ (சிறுபான்மையினருக்கு), டாப்செட்கோ (பிற்படுத்தப்பட்டோருக்கு) அலுவலகங்களில் குறைந்த வட்டிக் கல்விக் கடன் உண்டு. வங்கிக்குப் போகும் முன் அங்கே ஒரு நடை போய்க் கேளுங்கள்.

"50 சதவீத ஸ்காலர்ஷிப்" என்று சில வெளிநாட்டுக் கல்லூரிகள் கொடுப்பது பெரும்பாலும் தீபாவளித் தள்ளுபடி மாதிரி. விலையை ஏற்றிப் போட்டுக் குறைப்பது.

பணம் எப்படி அனுப்புவது? வரி பிடிப்பார்களா?

ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நமக்கு அது எட்டாத உயரம். வங்கியில் ஏ2 படிவம், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், கட்டண இன்வாய்ஸ், பான் கார்டு. நோக்கம் என்ற இடத்தில் கல்வி என்று சரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அங்கே தவறாக வேறொன்றைப் போட்டால் 20 சதவீத டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) விழும் ஆபத்து உண்டு.

2025 ஏப்ரல் முதல் ஒரு பான் கார்டுக்கு வருஷம் 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை. வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராகப் போகும் பணத்துக்கு எவ்வளவு ஆனாலும் இல்லை. சொந்தப் பணம் 10 லட்சத்தைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் 5 சதவீதம்; அதையும் 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். பிடித்ததை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், இல்லை திரும்ப வாங்கலாம். ஆகவே டிசிஎஸ்-க்குப் பயந்து ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையில் பணம் கரைவது வேறிடத்தில். கூகுளில் பார்க்கிற டாலர் விலைக்கும் வங்கி உங்களுக்குப் போடும் விலைக்கும் வித்தியாசம் இருக்கும். 6,000 டாலருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் 6,000 ரூபாய். இதற்குப் பக்கத்தில் நாணய மாற்று ஜிஎஸ்டி சும்மா: 5,40,000 ரூபாய்க்கு 576 ரூபாய்தான் வரும். ஜிஎஸ்டிக்குச் சண்டை போடுகிறவர்கள் விலையைப் பேரம் பேசுவதில்லை. பேசலாம். மேனேஜரிடம் கேட்டால் பத்து, இருபது காசாவது இறங்கும்.

தங்கை மகளுக்கு முதல் தவணை அனுப்பியபோது நானே ஏமாந்தேன். இத்தனை வருஷ வங்கி ஆசாமி. கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது 25 டாலர் குறைவாக. இடையில் இருந்த வங்கி எடுத்துக்கொண்டுவிட்டது. கட்டணம் முழுசாக வரவில்லை என்று அவளை வகுப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. "மாமா, வெறும் இருபத்தஞ்சு டாலருக்கு என்னை வெளிய நிக்க வெச்சிருக்காங்க" என்று போனில் அழுதாள். அன்றைக்குக் கற்றுக்கொண்டது: படிவத்தில் எல்லா வங்கிச் செலவும் அனுப்புபவர் கணக்கில் என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். கூடுதலாகச் சில நூறோ ஆயிரமோ ஆகும். ஆகட்டும்.

ஏஜென்ட் பேக்கேஜாகக் கட்டிவிடலாம் என்கிறாரே?

வேண்டாம். கல்லூரிக் கட்டணம் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ஏஜென்டுக்கு அவருடைய சேவைக் கட்டணம் மட்டும், ரசீதோடு. ஏஜென்டிடம் கொடுத்த பணத்துக்குக் கல்லூரி ரசீது வராது. ரசீது இல்லாமல் வங்கி அடுத்த தவணையை விடுவிக்காது.

ஆறு வருஷக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்றும் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுந்தபோது பிள்ளைகள் சான்றிதழைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார்கள். வேறு நாட்டுக்கு மாறியபோது அங்கே மறுபடி கட்டணம். வருஷா வருஷம் கட்டியவர்களுக்கு ஒரு வருஷப் பணத்தோடு போயிற்று.

டாலர் ஏறிக்கொண்டே போகிறதே, அதற்கு என்ன செய்ய?

2020 தொடக்கத்தில் டாலர் 71 ரூபாய் சுமார். 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. அதே 6,000 டாலர் கட்டணம், 4,26,000-லிருந்து 5,40,000 ஆகிவிட்டது. கல்லூரி ஒரு பைசா ஏற்றவில்லை. கடன் சாங்ஷன் ஆகும்போதே ஒவ்வொரு வருஷத்துக்கும் 4, 5 சதவீதம் ஏற்றிப் போட்டு விண்ணப்பியுங்கள். சாங்ஷன் ஆன முழுத் தொகையையும் எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. பாதியில் கடனைக் கூட்டுவதுதான் நாய் படாத பாடு.

ஜெர்மனியில் இலவசம் என்கிறார்களே?

பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் கல்விக் கட்டணம் இல்லை என்பது நிஜம். ஆனால் படிப்பு ஜெர்மன் மொழியில். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் இரண்டு வருஷம் உழைத்து சி1 என்ற உயர்நிலை வரை போக வேண்டும், பலருக்கு அங்கே ஒரு வருஷ ஆயத்தப் படிப்பும் உண்டு. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) வருஷச் செலவு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். இன்னொரு விஷயம்: ஆங்கில வழி அல்லாததால் அந்தப் பட்டத்தோடு இங்கே திரும்பி வந்து பதிவு செய்வது கடினம். அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அமெரிக்கா?

பிளஸ் டூ முடித்ததும் நேராக மெடிக்கல் ஸ்கூல் கிடையாது. முதலில் ஒரு பட்டப்படிப்பு, பிறகு எம்கேட் தேர்வு. வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகளே குறைவு. அரசுக் கடன் வெளிநாட்டவருக்கு இல்லை. சில கல்லூரிகள் ஒரு வருஷத்திலிருந்து நாலு வருஷம் வரையிலான பணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவைக்கச் சொல்கின்றன. நாலு வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அண்ணா நகரில் இரண்டு கிரவுண்டு நிலம் இருக்கிறவர்கள் பேச வேண்டிய விஷயம்.

மலேசியாவில் இருக்கும் மாமா மகள் சென்னையில் படிக்க வந்தால் கடன் தருவீர்களா?

அவள் மலேசியக் குடிமகள் என்றால் மாட்டோம். நம் கல்விக் கடன் இந்தியக் குடிமக்களுக்கு. அவளும் நீட் எழுத வேண்டும். வெளிநாட்டவருக்கு விலக்கு இல்லை. கட்டணம் மாமாதான் அங்கிருந்து அனுப்ப வேண்டும்.

கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டா?

உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தில் அது 80இ பிரிவு. வட்டி முழுவதையும், உச்சவரம்பு இல்லாமல், 8 வருஷம் வரை கழிக்கலாம். அசலுக்குக் கிடையாது. பழைய வரி முறையில் மட்டும். கடன் வாங்கியவர் யாரோ, கட்டுகிறவர் யாரோ என்றிருந்தால் கிடைக்காது. சம்பளம் வாங்கும் அம்மாவோ அப்பாவோ கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்து, அவர் கணக்கிலிருந்தே வட்டி போகட்டும். மச்சானிடமும் சீட்டுக் கம்பெனியிலும் வாங்கிய கடனுக்கு இந்தச் சலுகை இல்லை.

பிள்ளை பாதியில் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டால்?

வருவார்கள். குளிர், தனிமை, பிணவறை, காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதுவரை எடுத்த தொகைதான் கடன்; எடுக்காத தவணை உங்கள் தலையில் விழாது. வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ஒளிந்துகொண்டால் பிள்ளை, அப்பா இரண்டு பேர் சிபில் கணக்கும் (கடன் வரலாறு) கெட்டுப்போகும். அடுத்து அவன் வேறு படிப்புக்குக் கடன் கேட்டு வரவேண்டியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா, மகன் இரண்டாம் வருஷத்தில் திரும்பிவிட்டான் என்று வந்து நின்றார். திட்டுவேன் என்று நினைத்து முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினார். இரண்டு தவணைதான் எடுத்திருந்தார்கள். திருப்பிக் கட்டும் தொகையைப் பிரித்து நீட்டிக் கொடுத்தோம். பையன் இங்கே பிசியோதெரபியில் சேர்ந்தான். பத்திரத்தைத் திரும்ப வாங்க அந்த அம்மா வந்தபோது நான் வேறு கிளைக்கு மாறிவிட்டேன். ஒவ்வொரு பக்கமாக எண்ணி வாங்கிக்கொண்டு போனாராம்.